சுடச்சுட சாம்பாரும் பிளாஸ்டிக் கவரும்: டாக்டரம்மா பதில்கள்

குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் என்னென்ன பரிசோதனை, எப்போது எடுக்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பரிசோதனையைப் பற்றியே இல்லை. டப்பா, கேன், பவுடர், மருந்தடிப்பு, பிரிண்டிங் மை இவையெல்லாம் கருத்தரிப்பதைக் கெடுக்குமா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சுங்க. இன்னும் விசேஷமில்லை. பிளாஸ்டிக்தான் காரணம்னு நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பினாங்க, அதைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லைங்க. வீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் அத்தனையும் தூக்கி எறிஞ்சுட்டு மண்சட்டி வாங்கிடலாமா? – வாசகி, பெருந்துறை

முதலில் நல்லாத் தூங்குங்க அம்மிணி. வீடியோ பார்த்துத் தூக்கம் போனதுதான் இப்போதைக்கு நிச்சயமாகத் தெரிகிற கெடுதல். ஒரு வருஷம் முயற்சி செய்தும் கரு நிற்கவில்லை என்றால் (உங்களுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில்) இரண்டு பேரும் டாக்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் என்றால் வீட்டுக்காரரும்தான். குழந்தை தள்ளிப்போகிற தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் எழுதிய நாலு பக்கத்தில் அவர் பரிசோதனை செய்துகொண்டதாக ஒரு வரி இல்லை.

இனி பிளாஸ்டிக்குக்கு வருவோம். ஹார்மோன் என்பது உடம்பு தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் தகவல். துளியூண்டுதான் சுரக்கும், ஆனால் மாதவிலக்கு வருவது, முட்டை வளர்வது, விந்து உருவாவது எல்லாம் அதன் சொல்படிதான் நடக்கும். சில ரசாயனங்கள் அந்த ஹார்மோனின் சாயலிலேயே இருப்பதால் உடம்பு ஏமாந்துபோகும், இன்னும் சில நிஜ ஹார்மோன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடி மாதிரித் தெளிவாக, கெட்டியாக இருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலும் டின் டப்பாவின் உள்பூச்சிலும் இருக்கிற பிஸ்பீனால் ஏ, அதாவது பிபிஏ, பெண்களுக்குச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்யும் என்பதை லண்டனில் சார்லஸ் டாட்ஸ் 1936லேயே சொல்லிவிட்டார். அதை வைத்து பிளாஸ்டிக் செய்ய ஆரம்பித்தது அதற்கு இருபது வருஷம் கழித்து! இது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். வளைகிற பிவிசி, ரெக்ஸின், வாசனைச் சாமான்கள் இவற்றில் இருப்பது தாலேட். அது ஆண் ஹார்மோனின் பக்கம் கை வைக்கும்.

நல்ல சேதியும் உண்டு. பிபிஏ, தாலேட் இரண்டுமே உடம்பில் தங்குகிற ஜாதி இல்லை. பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். போனதற்கு ஈடாக நாம் மூன்று வேளையும் புதிதாக உள்ளே அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான் எப்போது பார்த்தாலும் உடம்பில் இருக்கிறது. அனுப்புவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த இருபது பேரை வைத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளிவந்த ஆய்வு. டின்னில் அடைத்தது, பிளாஸ்டிக்கில் பொதிந்தது எதுவும் இல்லாமல் புதிதாகச் சமைத்த சாப்பாடு மட்டும் மூன்று நாள் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 சதவீதம் இறங்கிவிட்டது, உணவு வழியாக வருகிற ஒரு தாலேட்டின் அளவும் பாதிக்கு மேல் குறைந்தது.

அதனால் எல்லாவற்றையும் எறிய வேண்டியதில்லை. துவரம்பருப்பும் கடுகும் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், காய்ந்த சாமானில் பெரிதாக ஒன்றும் இறங்காது. சூடு, எண்ணெய், புளிப்பு, இந்த மூன்றும் பிளாஸ்டிக்கைத் தொடுகிற இடத்தை மட்டும் பாருங்கள். வேலை விட்டு வரும்போது ஓட்டலில் கொதிக்கக் கொதிக்க சாம்பாரைக் கவரில் கட்டித் தருவதை வாங்கி வருகிறோமே, மூன்றும் ஒட்டுக்கா அதில் இருக்கிறது. வண்டியில் ஒரு தூக்குப்போசி கிடக்கட்டும். ஊறுகாயைக் கண்ணாடிக்கோ பீங்கான் ஜாடிக்கோ மாற்றுங்கள், மைக்ரோவேவில் பிளாஸ்டிக் டப்பாவைச் சூடு பண்ணாதீர்கள். பேக்கரிக்குப் போனால் டீயைக் கண்ணாடி கிளாஸில் கேளுங்கள். பேப்பர் கப் என்று நாம் நம்புவதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சுதான். அதில் 100 மில்லி சூடான தண்ணீர் கால் மணி நேரம் இருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று 2020இல் கரக்பூர் ஐஐடியில் கணக்கிட்டார்கள். நம்ம ஊர்க்காரர்கள் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

மண்சட்டி ஆசையிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பளபளவென்று பூச்சுப் பூசினது வேண்டாம், அந்தப் பூச்சில் ஈயம் இருக்கலாம்.

20 லிட்டர் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம். கடைக்காரர் வெயிலில் அடுக்கி வைக்கிறார். பரவாயில்லையா? – வாசகர், மேட்டுப்பாளையம்

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கேனின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 7 என்று இருந்து, கேன் கெட்டியாக, லேசான நீலத்தில் இருந்தால் பெரும்பாலும் பாலிகார்பனேட். பச்சைத் தண்ணீரில் பிபிஏ இறங்குவது கொஞ்சம்தான், ஆனால் கேன் பழசாகி, கீறல் விழுந்து, வெயிலும் படும்போது கூடும். பாலிகார்பனேட் பாட்டிலில் கொதிநீர் ஊற்றியபோது பிபிஏ கசியும் வேகம் 15 முதல் 55 மடங்கு வரை கூடியதை 2008இல் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. வெயில் கொதிநீர் ஆகாதுதான், இருந்தாலும் நிழலில் வைக்கிற கடையாகப் பாருங்கள், வந்ததும் எவர்சில்வர் குடத்துக்கு மாற்றிவிடுங்கள். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற ஊர்க்காரர்கள் கேன் வாங்குவது எனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை. காய்ச்சிக் குடிக்கலாமே.

"பிபிஏ இல்லாதது" என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பல சாமான்களில் அதற்குப் பதில் பிஸ்பீனால் எஸ் போடுகிறார்கள், அது இதன் பங்காளி.

பனியன் பிரிண்டிங் யூனிட்டில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். டேபிள் பிரிண்டிங், அப்புறம் மையைச் சூட்டில் இறுக்குற க்யூரிங் மெஷின். விந்துப் பரிசோதனையில் மில்லிக்கு 90 லட்சம்தான் இருக்குன்னு வந்திருக்குங்க. வேலையை விட்டுடலாமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. – வாசகர், திருப்பூர்

மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்க தம்பி. அவர் மாசாமாசம் தன்மேல்தான் குறை என்று நினைத்து அழுதுகொண்டிருப்பார்.

மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த கீழ் அளவு. உங்களுடையது அதற்குக் கீழே, ஆனால் பூஜ்யம் இல்லை. ஒரே பரிசோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல் வந்து போயிருந்தால்கூட எண்ணிக்கை இறங்கும். சில வாரம் கழித்து, இரண்டிலிருந்து ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு, இன்னொரு முறை எடுங்கள். விரைப்பையில் நரம்பு புடைத்திருக்கிறதா என்று டாக்டர் கையால் பார்க்கட்டும். குழந்தை தள்ளிப்போகிற ஆண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை இது இருக்கிறது, இதற்கு வைத்தியமும் உண்டு.

வேலை விஷயம். வேலையிடத்து ரசாயனம் ஆண்களின் விந்தைக் கெடுக்கும் என்பதை உலகம் முதலில் பளிச்சென்று பார்த்தது 1977இல், கலிஃபோர்னியாவில் லாத்ரோப் என்ற ஊரில். மண்ணில் நூற்புழுவைக் கொல்ல டிபிசிபி என்றொரு மருந்து, அதைத் தயாரித்த ஆலை. அங்கே வேலை பார்த்த ஆண்கள், நமக்கெல்லாம் ஏன் பிள்ளையே தங்க மாட்டேங்குது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதற்கு அப்புறம்தான் பரிசோதனையே நடந்தது. பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. அதிக காலம் வேலை பார்த்தவர்களுக்கே அதிகப் பாதிப்பு. விட்ட பிறகு சிலருக்கு மீண்டது, சிலருக்கு மீளவில்லை. 1979இல் அமெரிக்காவில் அதைப் பெரும்பாலும் தடை செய்தார்கள். அது உங்கள் மை இல்லை, வேறு சரக்கு. நான் அதை எடுத்துச் சொல்வது அந்த ஆட்கள் வாய் திறந்து பேசிக்கொண்டதற்காகத்தான். உங்கள் டேபிளில் உங்களோடு நிற்கிறவர்களும் இதே ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம்.

உங்கள் மைக்கு வருகிறேன். ரப்பர் மாதிரி எழும்பி நிற்கும் பிளாஸ்டிசால் பிரிண்ட் என்பது பிவிசி தூளை ஒரு இளக்கியில், அதாவது பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் திரவத்தில், குழைத்தது. பல வருஷமாக அந்த இளக்கி தாலேட்தான். 160 டிகிரி வாக்கில் க்யூரிங் செய்யும்போது அதன் ஆவி எழும், சுவாசத்தில் போகும். கையில் பட்ட மை தோல் வழியாகவும், அந்தக் கையோடு சாப்பிட்டால் வாய் வழியாகவும் போகும். தாலேட் இல்லாத மை இப்போது சந்தையில் இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் நாலு வகை தாலேட் சேர்ந்து 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020இலிருந்து சட்டம், எக்ஸ்போர்ட் ஆர்டர் எடுப்பவர்களுக்கு இது மனப்பாடம். போட்டுக்கொள்கிறவர் உடம்புக்கு ஆகாது என்று விலக்கி வைத்ததை, எட்டு மணி நேரம் அதன்மேல் குனிந்து நிற்கிறவர் மட்டும் சுவாசிக்கலாமா? உள்ளூர் ஆர்டர் ஓடும்போது எந்த மை போடுகிறார்கள் என்று கேளுங்கள். மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

வேலையை உடனே விடச் சொல்ல மாட்டேன். உங்கள் எண்ணிக்கை குறைந்ததற்கு மைதான் காரணம் என்று எந்த டாக்டராலும் ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது, வீட்டு வாடகையும் கட்ட வேண்டும். ஆனால் க்யூரிங் மெஷினிலிருந்து வேறு செக்ஷனுக்கு மாற்றித் தரக் கேளுங்கள். ஆவி போக எக்ஸாஸ்ட் இல்லாத ஷெட்டில் நிற்காதீர்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், டீ குடிக்கப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் (கையில் ஒட்டிய மையைத் தின்னர் வைத்துத் துடைப்பதை அடியோடு விடுங்கள்), வேலைத் துணியை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். மெஷின் சூடும் விந்துக்கு எதிரி, அதனால்தான் அந்த உறுப்பை உடம்புக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறது இயற்கை. பீடி, சிகரெட் இருந்தால் அதுவும் நிற்க வேண்டும்.

ஒரு விந்தணு உருவாகி வர ஏறத்தாழ 74 நாள். இன்றைக்கு மாற்றினது மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். அதுவரை வாராவாரம் பரிசோதனைக்கு ஓடிக் காசைக் கரைக்காதீர்கள்.

மஞ்சளும் வாழையும் வெச்சிருக்கோமுங்க. மருந்தடிக்கிறது நானேதான். வீட்டுல மூணு மாசம் முழுகாம இருக்காங்க. ஏதாவது பார்த்துக்கணுமா? – வாசகர், கோபி

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். முதல் மூன்று மாதத்தில்தான் குழந்தையின் உறுப்புகள் உருவாகின்றன, ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு ஹார்மோன் பேச்சைக் கேட்டு வடிவம் எடுப்பதும் 8 முதல் 14 வாரத்துக்குள்தான்.

மருந்தடித்த சட்டையையும் லுங்கியையும் அவர் கையால் துவைக்கக் கூடாது. இதை இந்தப் பக்கம் யாருமே நினைத்துப் பார்ப்பதில்லை. அடித்தவர் குளித்துவிட்டு வந்துவிடுவார், பூராவும் துவைக்கிறவர் கையில் போய்ச் சேரும். கிணற்றடியிலேயே கழற்றி, தனி பக்கெட்டில், நீங்களே அலசிப் போடுங்கள். அப்புறம், தெளிப்பதைவிட ஆபத்து மருந்தைக் கலக்குவது. கெட்டி மருந்து கையில் படுவது அப்போதுதான். குச்சியால் கலக்குங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத் தெளியுங்கள். டப்பாவில் இருக்கும் முக்கோணம் சிவப்பானால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். பச்சையாக இருந்தாலும் தண்ணீர் இல்லை. காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே நாளைக்குத் தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சொம்பாகிவிடும். தோட்டத்து வீடுகளில் நானே பார்த்திருக்கிறேன்.

எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து ஞாபகமிருக்கும். கேரளாவில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் அடித்தது சுற்றியிருந்த மக்களின் உடம்பைக் கெடுத்ததற்குப் பிறகு 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதுவரை நம்ம பக்கத்துப் பருத்திக்காட்டிலும் சாதாரணமாகப் புழங்கியதுதான். கடையில் விற்கிறார்களே என்பது ஒரு சான்று ஆகாது.

எனக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கு. பவுடர், பாடி ஸ்ப்ரே, நெயில் பாலிஷ் எல்லாத்தையும் நிறுத்தணும்னு ஹாஸ்டலில் சொல்றாங்க. உண்மையா மேம்? – மாணவி, கோவை

இதனால்தான் பிசிஓடி வந்தது என்று சொல்ல முடியாது கண்ணு. பிசிஓடி இருக்கிற பெண்களின் ரத்தத்தில் பிபிஏ கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன, ஆனால் எது முன்னே எது பின்னே என்பது அதில் தெரியாது. உனக்கு நடை, தூக்கம், எடை இந்த மூன்றும்தான் முதலில்.

அதற்காக வாசனைச் சாமானைக் குறைப்பது வீண் என்றும் இல்லை. கலிஃபோர்னியாவில் சலினாஸ் என்ற ஊரில் நூறு டீன் ஏஜ் பெண்களுக்கு அவர்கள் வழக்கமாகப் போடும் ஷாம்பு, க்ரீம், மேக்கப்புக்குப் பதில் பாரபென் (கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது), தாலேட், ட்ரைக்ளோசான் (கிருமிகொல்லி) இல்லாதவற்றை மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவு: சிறுநீரில் மெத்தில் பாரபென் 44 சதவீதமும், ட்ரைக்ளோசான் 36 சதவீதமும், வாசனையோடு வரும் தாலேட் 27 சதவீதமும் இறங்கியிருந்தன. ஒரு ஸ்ப்ரேயை நிறுத்தப் போகிறாய் என்றால், நாலடி தள்ளி நிற்பவருக்கும் மணக்கிறதே, அதை முதலில் நிறுத்து. கல்யாண வீட்டுக்குப் போகும்போது நெயில் பாலிஷ் போட்டுக்கொள், ஒன்றும் ஆகாது. ரூமில் ஏர் ஃப்ரெஷ்னர் அடித்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம்.

பழைய காலத்துச் சாமானுக்கே திரும்பிட்டா வம்பில்லைதானே? ஈயச் சொம்பு ரசம், வீட்டு மஞ்சள், குங்குமம்... – வாசகி, ஈரோடு

எல்லாம் இல்லை. இரும்பு தோசைக்கல், எவர்சில்வர், கண்ணாடி, வெண்கலம் தாராளமாக. ஈயச் சொம்பு என்பது வெள்ளீயம், அதில் காரீயம் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, புளி ரசம் அதை நன்றாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும். காரீயம் ஆணுக்கு விந்தைக் கெடுக்கும், பெண்ணுக்குக் கருச்சிதைவு ஆகும் வாய்ப்பைக் கூட்டும், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். நம்பிக்கையான இடத்தில் வாங்கின பாட்டி காலத்துச் சொம்பானாலும், கர்ப்பமாக இருக்கும்போது வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

மஞ்சள் ஊர்க்காரருக்கு மஞ்சளைப் பற்றிச் சொல்வதற்குச் சங்கடமாக இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கின மஞ்சள் உங்களுடையது. ஆனால் பார்க்கப் பளீரென்று இருக்க லெட் குரோமேட் என்ற ஈய நிறமியை மஞ்சளில் பூசுகிற கலப்படம் தெற்காசியாவில் பல இடங்களில் கண்டது உண்டு, வங்கதேசத்தில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியதற்கு அதுவே பெரிய காரணம் என்று கண்டுபிடித்தார்கள். பாலிஷ் போடாத விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு விரலியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டதுமே நிறம் விட்டால் சந்தேகப்படலாம். குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள், மலிவான சிவப்புப் பொடிகளிலும் ஈயம் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

உடம்பில் இருக்கிற பிளாஸ்டிக் விஷத்தை இறக்க ஒரு மூலிகைப் பவுடர், 6,500 ரூபாய். வாங்கலாமா? – வாசகி, தாராபுரம்

வேண்டாம். அந்த வேலையை உங்கள் கல்லீரலும் சிறுநீரகமும் ஓசியில் செய்துகொண்டிருக்கின்றன. 2004இல் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அந்த 6,500க்கு உங்கள் வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் அடிப்படைப் பரிசோதனைகளில் பாதியை முடித்துவிடலாம்.

மருமகள் ஆறு மாசம். நான் காய்ச்சின பாலைச் சூடா பிளாஸ்டிக் ஜக்கில் ஊத்தினா வெடுக்குனு பிடுங்கி வெக்கிறா. நானும் மூணு பெத்தவதானுங்க, அப்ப இதெல்லாம் யார் பார்த்தா? நீங்களே சொல்லுங்க, யார் பக்கம் நியாயம்? – ஒரு மாமியார், பொள்ளாச்சி

வெடுக்கென்று பிடுங்கினது தப்புங்க. பிடுங்கின காரணம் சரி. கொதித்த பால், அதில் கொழுப்பு, பிளாஸ்டிக்கில் ஊற்றக் கூடாதென்று மேலே பெருந்துறைக்காரம்மாவுக்குச் சொன்ன அதே கதைதான்.

நீங்கள் மூணு பெற்றபோது உங்கள் சமையலறையில் எத்தனை பிளாஸ்டிக் சாமான் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பால் போசியில் வந்தது, எண்ணெய் தூக்கில் வந்தது, சந்தைக்கு மஞ்சப்பை போனது. அப்போது யாரும் பார்க்கவில்லை என்றால், பார்க்க அவ்வளவாக ஒன்றும் இல்லை. இப்போது அவள் பார்க்கிறாள். பிள்ளை பிறந்து வந்ததும் தாய்ப்பால் போதும், தப்பித்தவறி பாட்டில் தேவைப்பட்டாலும் எவர்சில்வர் பாலாடை இருக்கிறது. பால் பாட்டிலில் பிபிஏ இருக்கக் கூடாதென்று நம் நாட்டிலேயே 2015இல் தரவிதி வந்துவிட்டது, இதையும் அவளிடம் சொல்லுங்கள், உங்களுக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரியட்டும்.

உங்கள் கல்யாணத்துக்குப் பேர் வெட்டிக் கொடுத்த சீர்ப்பாத்திரம் அட்டாலியில் சாக்குப்பைக்குள் கிடக்கும். மகனை ஏறச் சொல்லி இறக்கித் தேய்த்து, நாளைக் காலைப் பாலை அதில் ஊற்றுங்கள். ஜக்கை எறிய வேண்டாம், கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆகும்.